பத்து நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்த கையோடு சின்னவள் காதில் சொன்ன ஒரு வார்த்தை, மூன்று நாளாகப் பெரியவளுக்கு உள்ளங்காலில் ஒடிந்த முள்ளாக உறுத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, அத்தைகிட்ட நீ ஹோட்டல் மேனேஜர்னு சொல்லியிருக்கேன். பார்த்து நடந்துக்கோ.”

பதினொரு வருஷம் கழித்துப் பார்க்கிற தங்கச்சி. வாயைத் திறந்ததும் இதுதான் வந்தது. சரி, மாமியாரோடு குடித்தனம் பண்ணுகிறவள், ஒரு பொய்யால் அவள் தலை நிமிருமென்றால் நிமிர்ந்துவிட்டுப் போகட்டும் என்று பெரியவள் விட்டுவிட்டாள். விட்டுக்கொடுக்கிறது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

ஹோட்டல் நிஜம்தான். ஆனால் அவள் நிற்கிற இடம் அதன் பின்பக்கம். ஜன்னல் இல்லாத ஒரு அறை, இரண்டு பெரிய தொட்டி, கொதிக்கிற தண்ணீர், மலைமலையாகத் தட்டு. அங்கே அவளை யாரும் மேனேஜர் என்று கூப்பிட்டதில்லை. தலைமைச் சமையல்காரர் வைத்த பேர் ‘நீராவி’.

இன்றைக்கு அவள் பகலுக்கு மட்டும் லீவு சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டி முன்னால் நிற்க வேண்டும். அதற்குள் தங்கச்சிக்கும் தங்கச்சி மாமியாருக்கும் இந்த நகரத்தில் கோட்டை மதிலுக்குள் இருக்கிற பழைய ஊரைச் சுற்றிக் காட்டி, வயிறாரச் சாப்பிட வைத்து, நடுவில் ஒரு நல்ல நேரம் பார்த்துத் தன் விஷயத்தையும் கேட்டுவிட வேண்டும்.

விஷயம் பெரிசில்லை. அடுத்த மாசத்தோடு வேலை முடிகிறது. தொட்டிகளை எடுத்துவிட்டு அங்கே கழுவுகிற மெஷின் வைக்கப் போகிறார்கள். அவள் வீட்டுக்குத் திரும்பணும். அவள் பேரில் இருக்கிற வீடு, அவள் பணம் அனுப்பி அனுப்பிக் கட்டின வீடு. அங்கேதான் சின்னவள் குடும்பம் இருக்கிறது. பின்பக்கத்து அறை ஒன்று போதும். அவ்வளவுதான்.

ஒரே அறையில் கூடத் தங்கியிருக்கும் தையல்காரியிடம் கோட்டும் ஷூவும் இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். கோட்டு பொருந்தியது. ஷூ, காலைக் கடிப்பதற்கென்றே பிறந்தது.

“கிளவுஸ் போட்டுக்கோக்கா,” என்றாள் சின்னவள், பழைய ஊரின் கல்வாசலுக்கு முன்னால் வைத்து.

“குளிரலையே.”

“குளிருக்குச் சொல்லலை.”

பெரியவள் தன் கையைப் பார்த்தாள். ஊறி வெளுத்து, பக்கவாட்டில் வெடித்து, நகம் மஞ்சளடித்துக் கிடந்தது. கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மாமியார் கல்வாசலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். “இந்தச் சுவரைப் பார்க்கவா ராத்திரி பூரா காலைத் தொங்கப்போட்டுப் பறந்து வந்தோம்? எங்க வீட்டுக் காம்பவுண்டு இதைவிட நேரா நிக்குதே.”

“நானூறு வருஷத்துச் சுவருங்க, சம்பந்தியம்மா.”

“நானூறு வருஷமா ஒருத்தனும் பூசலையா? சோம்பேறிப் பயலுக.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே சந்து சந்தாகப் போயிற்று தெரு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். மேலே மாடிக்கு மாடி துணி காய்ந்தது. தரைக் கல்லெல்லாம் நடந்து நடந்தே மொழுமொழுவென்று ஆகியிருந்தது. மணிக்கூண்டுச் சதுக்கத்துக்கு வந்தபோது சின்னவள் போனை நீட்டினாள்.

“அக்கா, நீ எடு.”

எடுத்தாள். மணிக்கூண்டோடு ஒன்று, தண்ணீர்த் தொட்டியோடு ஒன்று, புறாவோடு மூன்று. மாமியாரும் மருமகளும் தோளோடு தோள். நாற்பது படத்துக்கு மேல் இருக்கும். பெரியவள் ஒரே ஒரு படத்தில் விழுந்திருந்தாள், அதுவும் நிழலாக. சின்னவள் அதை உடனே அழித்துவிட்டாள். “நிழல் விழுந்து கெட்டுப்போச்சுக்கா. இன்னொண்ணு எடு.”

மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பெரியவள் கேட்டாள். இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

“அடுத்த மாசம் வேலை முடியுதுடி. வந்துடலாம்னு இருக்கேன். பின்பக்கத்து ரூம் போதும் எனக்கு.”

சின்னவள் புறாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்த ரூம்ல இப்ப வாஷிங் மெஷின் இருக்கே.”

“இருக்கட்டும். ஓரமா ஒரு பாய் போட்டா ஆச்சு.”

“பைப் லைன் எல்லாம் அங்கதான் போகுது. ஈரம். உனக்கு ஒத்துக்காது.”

ஈரம் ஒத்துக்காதாம். பதினொரு வருஷமாக முழங்கை வரைக்கும் ஈரத்தில் நிற்கிறவளுக்கு. இங்கேயும் ஒரு மெஷின் வந்துதான் அவளைத் தள்ளியது, அங்கேயும் ஒரு மெஷின் முன்னாலேயே போய் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. மெஷின்களுக்கு அவள் மேல் அப்படி என்ன வஞ்சமோ.

“அங்க வந்து என்னக்கா பண்ணப் போற? இங்கயே இன்னொரு இடம் பாரேன். உனக்கென்ன, கை இருக்கு, கால் இருக்கு.”

அதற்குள் மாமியார் எழுந்துவிட்டாள். “பசிக்குது. உங்க ஊர்ல சோறு உண்டா, இல்ல கல்லைத்தான் காட்டுவீங்களா?”

சந்தைச் சந்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள் பெரியவள். நாலே மேஜை. சுவர் பூரா எண்ணெய்ப் புகை. வெளியே கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதிய பட்டியல். மாமியார் பக்கத்து மேஜையைக் காட்டி, “அது என்ன, பெரிசா அலங்காரமா இருக்கு? அதைச் சொல்லு,” என்றாள்.

“அது வேண்டாங்க. பார்க்கத்தான் பவிசு. பாதி அப்படியே திரும்பி வந்துடும். ரெண்டு வாய்க்கு மேல யாரும் தின்னதில்ல. பொடி மீன் வறுவல் சொல்லுங்க. முள்ளு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் கறுப்பு ரொட்டியை எலும்பு சூப்புல தோய்ச்சுச் சாப்பிட்டா தட்டுல சொட்டு இருக்காது.”

இந்த ஊர்ச் சாப்பாடு அவளுக்கு அப்படித்தான் தெரியும். மேஜையில் உட்கார்ந்து தின்று தெரிந்துகொண்டதில்லை. எந்தத் தட்டு வழித்த மாதிரி வருகிறது, எது மிச்சத்தோடு வருகிறது என்று பார்த்துப் பார்த்து வந்த ஞானம்.

மீன் வந்தது. மொறுமொறுவென்று தலையோடு கடித்துத் தின்கிற மீன். மாமியார் ஒன்றை எடுத்தாள், இரண்டை எடுத்தாள், பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “மேனேஜர்னா சும்மாவா? பார்த்தியாடி, உங்கக்காவுக்கு எது நல்லதுன்னு தெரிஞ்சிருக்கு.”

சின்னவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் பெரியவளுக்குக் கிறுக்குத்தனமாக ஒரு சந்தோஷம் பொங்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு ரொட்டியைப் பிய்த்து மாமியார் சூப்பில் தோய்த்துப் போட்டாள். தங்கச்சிக்கும் பிய்த்துப் போட்டாள், சின்ன வயசில் போட்ட மாதிரி.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தத் தப்பு நடந்தது. பேச்சு சுவாரசியத்தில் கை தன்னால் வேலையை ஆரம்பித்துவிட்டது. மிச்சத்தையெல்லாம் ஒரே தட்டுக்கு வழித்தாள். பெரிய தட்டு அடியில், சின்னது மேலே, கரண்டியெல்லாம் ஒரு டம்ளரில் தலைகீழாக. மூன்று மூச்சுக்குள் மேஜை துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

மேஜைக்கு அடியில் சின்னவளின் நகம் அவள் தொடையில் இறங்கியது. கோட்டைத் தாண்டி, சேலையைத் தாண்டி, தோலில்.

“என்ன வேகம்,” என்றாள் மாமியார். பார்வை தட்டு அடுக்கின் மேலேயே நின்றது.

“அக்காவுக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும் அத்தை. வேலைக்காரங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுப்பா.”

“ஆமாங்க,” என்றாள் பெரியவள். தொடை எரிந்தது.

வெளியே வந்ததும் சின்னவள் கையுறையைத் திரும்ப மாட்டிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் தேனாக இருந்தது. “அக்கா, இங்க பக்கத்துலதான் நம்ம நாட்டுத் தூதரக ஆபீஸ் இருக்காம். ஒரு சின்ன வேலை. அஞ்சு நிமிஷம். அவர் ஏற்கெனவே நேரம் வாங்கி வெச்சுட்டார்.”

அவர் என்றால் சின்னவள் புருஷன். லீவு கிடைக்காமல் வீட்டில் இருப்பவர். காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணியிருந்தார். நாலு தடவையும் சின்னவள் “இன்னும் இல்ல, சாப்பிட்டுட்டு” என்றே சொன்னாள். என்ன இன்னும் இல்லை என்று பெரியவளுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆட்டுக்குத் தழை காட்டித்தானே கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஆபீஸ் ஒரு பழைய வீட்டின் இரண்டாவது மாடியில் இருந்தது. மர பெஞ்சு, டோக்கன் மெஷின், சுவரில் ஓடாத கடிகாரம். சின்னவள் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மடியில் வைத்தாள். மறைக்கவில்லை. எதற்கு மறைக்கணும்? அக்காவுக்குத்தான் எழுத்து தெரியாதே. வீட்டு மனை வாங்கின அன்றைக்குக் கட்டைவிரலை உருட்டினவள்தானே.

தெரியாதது பழைய கதை. ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே தையல்காரி சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வருஷம் ஆயிற்று. பெரியவள் அதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது வாசலில் நின்று, கதவில் எழுதியிருக்கிற தன் பேரைத் தானே படித்துக் காட்டி எல்லாரையும் அசத்தணும் என்று வைத்திருந்தாள்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். தா, ன, ப், ப, த், தி, ர, ம். தானப் பத்திரம். கீழே அவள் பேர். ‘மனப்பூர்வமாக’ என்று ஒரு வார்த்தை. ‘எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எந்தப் பாத்தியதையும்’ என்று ஒரு வரி. அதற்குமேல் எழுத்து ஓடவில்லை, கண்ணில் நீர் நின்றது.

“என்ன காகிதம்டி?”

“வீட்டு வரிக்கா. பேர்ல ஏதோ சின்ன திருத்தம். நீ ஒரு ரேகை வெச்சா முடிஞ்சுது.”

பொய் சொல்லும்போதாவது தன் முகத்தைப் பார்ப்பாள் என்று பெரியவள் காத்திருந்தாள். சின்னவள் டோக்கன் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்பர் வந்தது.

மேஜைக்குப் பின்னால் நம் பேச்சுப் பேசுகிற ஒரு அதிகாரி. மூக்கு நுனியில் கண்ணாடி. காகிதத்தைப் புரட்டினார். “மூலப் பத்திரத்துல கைநாட்டு. அதனால இதுக்கும் ரேகைதான். ரெண்டும் ஒத்துப்போகணும். கிளவுஸைக் கழட்டுங்கம்மா.”

கழற்றினாள். மாமியார் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பெரியவளுக்கு ஒரு கணம் ‘மாட்டேன்’ என்று சொல்லத் தோன்றியது. மறுகணமே, எடுத்துக்கோ, இதையும் எடுத்துக்கோ என்று ஒரு வெறி வந்தது. கட்டைவிரலை ரேகை மெஷினின் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டிற்று.

“துடைச்சுட்டு வைங்க.”

துடைத்து வைத்தாள். சிவப்பு. இடது கட்டைவிரல், சிவப்பு. ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. பத்து விரலும் போயிற்று. பத்துக்கும் சிவப்பு. கடைசியில் அவர் பழைய முறையில் மையைத் தடவிக் காகிதத்தில் உருட்டிப் பார்த்தார். விழுந்தது நீலமாக ஒரு வழவழப்பான முட்டை. அதில் ஒரு கோடு கிடையாது.

மனை வாங்கின அன்றைக்கு விழுந்த ரேகை பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. சுழி சுழியாக, கோலம் மாதிரி. பத்திரம் எழுதுகிறவர், “ரேகைன்னா இது ரேகை” என்று மெச்சி, வெளிநாடு போறவளாச்சே, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு வெற்றுப் பத்திரத்திலும் உருட்டி வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்தார். அதில் ஒன்று வீட்டுக்குக் கரண்ட் இழுக்கும்போது செலவானது.

அதிகாரி அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். “என்ன வேலை பார்க்கறீங்க?”

“ஹோட்டல் மேனேஜர் சார்,” என்றாள் சின்னவள்.

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “மேனேஜர் விரல் இப்படித் தேயாதும்மா. கல்லு சுமக்கறவங்க, பாத்திரம் கழுவறவங்க, இவங்களுக்குத்தான் இந்த மாதிரி போகும். சோப்புக் காரமும் சுடுதண்ணியும் தின்னுடும்.”

அடுத்த மேஜையில் யாரோ முத்திரை குத்தினார்கள்.

“பாத்திரம் கழுவறேங்க,” என்றாள் பெரியவள். “பதினொரு வருஷமா.”

சொன்னதும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அந்த மூட்டை நேரே சின்னவள் தலையில் போய் இறங்கிற்று.

மாமியார் மருமகளிடம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“எச்சித் தட்டு கழுவற கையாலதான் எனக்கு ரொட்டியைப் பிச்சுப் போட்டாளா? பெரிய இடம், பெரிய இடம்னு வாய் கிழியப் பேசினியே. இந்தப் பெரிய இடம்தான் அது?”

“அத்தை, எனக்கே தெரியாது,” என்றாள் சின்னவள். “எங்கிட்டயும் மேனேஜர்னுதான் சொன்னா. ஏமாத்திட்டா.”

பெரியவள் தங்கச்சியைப் பார்த்தாள். தொடையில் நகம் இறங்கின இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. “ஆமாங்க சம்பந்தியம்மா,” என்றாள். “நான்தான் சொன்னேன். கௌரவத்துக்காக.”

இதையும் கொடுத்தாயிற்று. இனி கொடுக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரிக்குப் பாவமாக இருந்திருக்கும். “ரேகை திரும்ப வரும்மா. பத்து நாள் தண்ணி படாம வெச்சிருங்க. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க. அப்புறம் வாங்க.”

மாமியார் முன்னால் விறுவிறுவென்று படியிறங்கினாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. சின்னவள் படியிலேயே நின்று அக்காவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெடிப்பை விரலால் தடவினாள்.

“கேட்டியாக்கா, பத்து நாள். தண்ணியில கையே வைக்கக் கூடாது. லீவு போட்டுடு. குளிக்கும்போது கூட பை கட்டிக்கோ. எண்ணெய் நான் வாங்கித் தரேன். ரொம்ப வலிக்குதா?”

பதினொரு வருஷத்தில் எத்தனை போன். ‘வலிக்குதா’ என்று ஒரு தடவை கேட்டிருப்பாளா? அந்த வார்த்தைக்காக இந்த வீட்டையே எழுதிக் கொடுத்திருப்பாளே அவள். இப்போது வார்த்தை வந்துவிட்டது, விரலைப் பார்த்து. கூடப் பிறந்தவளைப் பார்த்து வரவில்லை.

“வலிக்கலைடி,” என்றாள்.

நிஜமாகவே சின்னவள் எதிர்க் கடையில் ஒரு புட்டி எண்ணெய் வாங்கினாள். கோட்டை மதிலுக்கு ஏறுகிற வழியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, ஒவ்வொரு விரலுக்கும் தடவிவிட்டாள். மாமியார் நாலு பெஞ்சு தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே பழைய ஊரின் கூரையெல்லாம் வெயிலில் கிடந்தன. எட்டத்திலிருந்து பார்க்கிறவர்கள், எப்படிப்பட்ட அக்கா தங்கச்சி என்று கண் வைத்திருப்பார்கள்.

போன் அடித்தது. புருஷன். சின்னவள் எழுந்து மதிலோரம் போனாள். பேச்சு கேட்கவில்லை. “விழலைங்க” என்றது மட்டும் கேட்டது. அப்புறம் நெடுநேரம் அந்தப் பக்கம் பேச, இந்தப் பக்கம் “ம்” கொட்டினாள். திடீரென்று ஒரு “ம்” நின்றது. நெற்றிச் சுருக்கம் இஸ்திரி போட்ட மாதிரி நீவிக்கொண்டது.

திரும்பி வந்தவள் எண்ணெய்ப் புட்டியை மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, நீ வேலைக்குக் கிளம்பு. ஆறு மணிக்குப் போகணும்னு சொன்னியே.”

“பத்து நாள் தண்ணியில...”

“அதெல்லாம் வேண்டாம் விடு. எதுக்கு உனக்குக் கஷ்டம்? நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நாங்க காலைல ஏழு மணி பிளேன்ல கிளம்பறோம். வழியனுப்ப எல்லாம் வராத, அத்தை கோபமா இருக்காங்க.”

கன்னத்தில் கன்னத்தை ஒட்டிவிட்டுப் போனாள்.

கடிக்கிற ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு மொழுமொழுக் கல்லில் இறங்கினாள் பெரியவள். மனசு லேசாக இருந்தது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த ரத்தம். கையைப் பார்த்ததும் இளகிவிட்டாள் பார். பத்திரமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வாஷிங் மெஷினையும் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் நகர்த்தாமலா போய்விடுவாள்?

ஆறு மணிக்குத் தொட்டி முன்னால் நின்றாள். மதியத்துத் தட்டு குவிந்து கிடந்தது.

“என்ன நீராவி, முகம் பளபளங்குது,” என்றார் தலைமைச் சமையல்காரர், வாசலில் கரண்டியோடு நின்று. “தங்கச்சி என்ன கொண்டு வந்தா?”

“எண்ணெய் தடவிவிட்டா,” என்றாள் அவள்.

கையைத் தண்ணீருக்குள் விட்டாள். எண்ணெய் பிரிந்து மேலே பூப்பூவாக மிதந்தது. முதல் தட்டு, இரண்டாம் தட்டு. மூன்றாவதை எடுத்தபோது மதிலோரத்தில் நின்றுபோன அந்த “ம்” திரும்பக் காதில் விழுந்தது. எதைக் கேட்டு நின்றது அது? காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணுகிற அளவுக்கு அவசரப்பட்டவர், ரேகை விழவில்லை என்றதும் என்ன சொன்னால் இவள் முகம் அப்படித் தெளியும்? எதுக்கு உனக்குக் கஷ்டம் என்றாளே, தன் ரேகை அவர்களுக்கு இனி ஏன் வேண்டாமல் போயிற்று?

இரண்டு வெற்றுப் பத்திரம். கோலம் மாதிரி விழுந்த இரண்டு ரேகை. ஒன்று கரண்டுக்குப் போனது.

இன்னொன்று?

வீட்டில் இருக்கிற தகரப் பெட்டி. அம்மா புடவைக்கு அடியில். அந்தப் பெட்டியின் சாவி பதினொரு வருஷமாகச் சின்னவள் இடுப்பில்.

தட்டு கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் முழுகியது. அவள் அதைத் தேடவில்லை. கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று, யாருடைய விரல் என்று சொல்ல முடியாதபடி இருந்தது.

“காலைல பிளேன் ஏழு மணிக்குன்னா, எத்தனை மணிக்கு ஏர்போர்ட் உள்ள போயிடுவாங்க?” என்று கேட்டாள்.

“யாரு?” என்றார் சமையல்காரர்.

அவள் இரவல் ஷூவுக்குள் ஈரக் காலைத் திணித்தாள். தொட்டி நிறையத் தட்டு அப்படியே கிடக்க, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக வேலை நடுவில் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.